எம்.எஸ்சி. இறுதிப் பருவ ஆய்வேடு: வெண்குறுமீனா, புலங்களின் புள்ளியியலா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கல்லூரிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கும் வேளையில், புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து இயற்பியல் முதுகலை மாணவர்களிடையே ஒரே கேள்வி சுற்றிவரும்: இறுதிப் பருவ ஆய்வேட்டுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது? லாஸ்பேட்டை, தேவனாம்பட்டினம், காலாப்பட்டு, சிதம்பரம் என்று எங்கே படித்தாலும், ஆய்வகக் கருவிக்காக வரிசையில் நிற்க விரும்பாத மாணவர்கள் கடைசியில் இரண்டு திசைகளில் ஒன்றைப் பார்க்கிறார்கள். ஒன்று வெண்குறுமீன்கள் (எரிந்து முடிந்த விண்மீன்களின் எஞ்சிய கருக்கள்), மற்றொன்று வெப்பநிலை, மின்புலம், நுண்ணலைப் பின்புலம் (ஆதி அண்டத்திலிருந்து எஞ்சி வானம் முழுவதும் பரவியிருக்கும் கதிர்வீச்சு) போன்ற இயற்பியல் புலங்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்வது. இரண்டுக்கும் ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும் என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே எளிதாகத் தோன்றுகின்றன. அந்தத் தோற்றத்தை நம்பி எடுத்தவர்கள் மார்ச் மாதத்தில் திண்டாடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

உண்மையில் இவை இரண்டு தலைப்புகள் அல்ல. வெண்குறுமீன் என்ற பெயருக்குள் கோட்பாட்டுக் கணக்கீடும் தரவு ஆய்வும் தனித்தனியாக இருக்கின்றன. புலப் புள்ளியியல் என்பதற்குள் கடலும் இருக்கிறது, ஆதி அண்டமும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான, அதிகம் பேர் கவனிக்காத ஒரு தலைப்பும் உண்டு.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் காலம். தலைப்புப் படிவத்தில் கையெழுத்தாகி, ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகும் வரை கையில் இருப்பது ஏறத்தாழ நான்கு மாதம். அதில் பொங்கல் விடுமுறையும் மாதிரித் தேர்வுகளும் போக மிஞ்சுவதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்தது கருவி: 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி என்றே வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது, உங்கள் நிரல் சரியாக ஓடுகிறதா என்பதை விடை முன்பே தெரிந்த ஓர் எளிய நிலையில் சோதிக்க வழி இருக்கிறதா என்பது. நான்காவது, இறுதியில் வரும் எண்ணில் எவ்வளவு பிழை இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா என்பது. ஐந்தாவது வழிகாட்டி: அவருக்கு அந்தத் துறையில் தழும்பேறிய அனுபவம் இல்லாவிட்டாலும் தவறைக் கண்டுபிடிக்கும் அளவுக்காவது பழக்கம் இருக்கிறதா? கடைசியாக, முனைவர் பட்ட ஆய்வுக்கோ வேலைக்கோ அந்த அனுபவம் எவ்வளவு கைகொடுக்கும் என்பது.

இவை அனைத்துக்கும் ஒரே எடை கிடையாது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் தரவு எத்தனை ஜி.பி. என்று கேட்பதில்லை, ‘இந்த எண்ணின் பிழை என்ன, ஏன் அவ்வளவு?’ என்றுதான் கேட்பார். ஆகவே மூன்றாவது, நான்காவது அளவுகோல்களையே இங்கே முதன்மையாகக் கொள்கிறேன். தலைப்பின் கவர்ச்சி ஓர் அளவுகோலே அல்ல.

## வெண்குறுமீனின் உள்ளமைப்பைக் கணக்கிடுதல்

சூரியனைப் போன்ற விண்மீன் எரிபொருளை எரித்து முடித்து, புற அடுக்குகளை உதறிய பின் மிஞ்சும் கார்பன்–ஆக்சிஜன் கருவே வெண்குறுமீன். பூமியின் பருமனுக்குள் சூரிய நிறையில் பாதிக்கு மேல் அடைபட்டிருப்பதால், அதன் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் ஏறத்தாழ ஒரு டன் நிறை கொண்டிருக்கும். அந்தப் பாரத்தைத் தாங்குவது வெப்பத்தால் வரும் அழுத்தமன்று. ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பவுலியின் தவிர்ப்பு விதியிலிருந்து வரும் அழுத்தம். இதை 1926-இல் ரால்ஃப் ஃபௌலர் விளக்கினார். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அந்த அழுத்தத்தால் ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையைத் தாங்க இயலாது என்று கண்டார். மாணவர் செய்ய வேண்டியது, அந்தக் கணக்கை லேன்–எம்டன் சமன்பாட்டில் (அழுத்தமும் ஈர்ப்பும் சமன்படும் விண்மீனின் உள்ளடர்த்தியைத் தருவது) தொடங்கி, முழுமையான சார்பியல் நிலைச் சமன்பாடு (அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவு) வரை எண்முறையில் தீர்த்து, நிறைக்கும் ஆரத்துக்கும் உள்ள உறவை வரைவது.

இந்தத் தலைப்பின் பெரும்பலம் சரிபார்ப்பு. ரூங்கே–குட்டா முறையில் (சமன்பாட்டைச் சிறுசிறு படிகளாகத் தீர்க்கும் முறை) நிரல் எழுதி ஓட்டினால் முதல் படியிலேயே சுழியால் வகுக்கும் பிழை வந்து நின்றுவிடும்; ஏனெனில் மையத்தில் ஆரம் சுழி, சமன்பாட்டின் ஓர் உறுப்பிலோ ஆரம் பகுதியில் இருக்கிறது. அங்கே மையத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, ஒன்றிலிருந்து ஆரத்தின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து வரும் மதிப்பில் தொடங்க வேண்டும். தொடங்கிய பின், குறியீட்டெண் (அழுத்தம் அடர்த்தியோடு எப்படி மாறுகிறது என்பதைக் குறிக்கும் எண்) 1 என்று கொடுத்தால் தீர்வு 3.1416-இல் சுழியைத் தொட வேண்டும், அதாவது பை. குறியீட்டெண் 1.5-க்கு 3.654, 3-க்கு 6.897. இந்த மூன்று எண்களும் வந்துவிட்டால் நிரல் சரி; வராவிட்டால் எந்த வரியில் தவறு என்பதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவு கறாரான சோதனை வேறு எந்தத் தலைப்பிலும் கிடையாது.

சந்திரசேகர் 1931-இல் வெளியிட்ட எல்லை நிறை இன்று புத்தகங்களில் உள்ள 1.44 சூரிய நிறை அல்ல, 0.91. எலக்ட்ரான் ஒன்றுக்கு எத்தனை நியூக்ளியான்கள் என்ற எண்ணை அவர் அப்போது 2.5 என்று கொண்டிருந்தார். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் அது 2. எல்லை நிறை இந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், உங்கள் நிரலில் அந்த ஓர் எண்ணை மாற்றினாலே விடை ஏறத்தாழ 0.93-இலிருந்து 1.46-க்குத் தாவுவதைப் பார்க்கலாம். 1.44-க்குப் பதில் 1.46 வருகிறதே என்று கலங்க வேண்டாம். அயனிகளுக்கும் எலக்ட்ரான்களுக்கும் இடையிலான மின்விசைத் திருத்தங்களைச் சேர்க்கும்போது எல்லை சற்றுக் கீழிறங்கும்; 1961-இல் ஹமாடாவும் சால்ப்பீட்டரும் செய்தது இதைத்தான்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான்: ‘இது பாடப்புத்தகத்தில் இருக்கிறதே, இதில் உங்கள் பங்கு என்ன?’ என்ற கேள்வி. அதற்கு விடை வேண்டுமென்றால் கணக்கை உண்மையான விண்மீன்களோடு மோதவிட வேண்டும். சிரியஸ்-பி விண்மீனின் நிறை ஏறத்தாழ 1.02 சூரிய நிறை, ஆரம் சூரிய ஆரத்தில் 0.0081 பங்கு. 40 எரிடானி-பி விண்மீனுக்கு 0.57, 0.013. குளிர்ந்த பொருள் என்று கொண்டு செய்த எளிய கணக்கு இரண்டாவதில் ஒரு விழுக்காட்டு அளவிலும், முதலாவதில் நான்கு விழுக்காட்டு அளவிலும் குறைவான ஆரத்தைத் தரும். அந்த நான்கு விழுக்காடு எங்கே போனது? சூடான மேலடுக்கும் ஹைட்ரஜன் போர்வையும் ஆரத்தைக் கூட்டுகின்றன, மின்விசைத் திருத்தமோ குறைக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் அது பாடப்புத்தகத்தை நகலெடுத்த ஆய்வேடாக இருக்காது.

## கையா தரவிலிருந்து வெண்குறுமீன்களை எண்ணுதல்

மாணவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அதிகம் இடறுவதும் இதில்தான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை விண்மீன்களின் இடமாறு கோணங்களை (தூரத்தைக் கணக்கிட உதவும் சிறு தோற்ற இடப்பெயர்ச்சி) அளந்தது. 2022 ஜூனில் வந்த மூன்றாம் தரவு வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி ஒளிமூலங்கள் உள்ளன. யாரும் பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம். 2021-இல் வந்த ஒரு பட்டியலில் மட்டும் வெண்குறுமீன் என்று உறுதியாகக் கருதத்தக்கவை ஏறத்தாழ 3,59,000. நிறத்தையும் தனிப்பொலிவெண்ணையும் (விண்மீனின் உண்மையான ஒளிர்வைக் குறிப்பது; எண் கூடக்கூட மங்கல்) அச்சுகளாகக் கொண்டு வரைந்தால், சூரியனைப் போல எரிந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் அமையும் முதன்மை வரிசைக்கு வெகு கீழே வெண்குறுமீன்கள் தனிப் பட்டையாகப் பிரிந்து விழும். அந்தப் படம் திரையில் முதன்முறையாக வரும்போது வேலை முடிந்ததுபோல இருக்கும். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே கேட்கத்தக்க நல்ல கேள்வி, ஒவ்வொரு பொலிவுக்கும் எத்தனை வெண்குறுமீன்கள் உள்ளன என்பது. வெண்குறுமீனுக்குள் அணுக்கரு எரிப்பு இல்லை. அது ஆறிக்கொண்டே போகிறது. ஆறும் வேகத்தை 1952-இல் லியோன் மெஸ்டல் கணக்கிட்டார். அதன்படி, விண்மீன்கள் சீராகப் பிறந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு பொலிவெண் மங்கும்போதும் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காக வேண்டும். ஆனால் ஓரிடத்தில் எண்ணிக்கை சட்டென்று விழும். ஏனெனில் நம் விண்மீன் மண்டலத்தின் தட்டுக்கு வயது போதவில்லை, அதைவிட மங்கும் அளவுக்கு எதுவும் இன்னும் ஆறவில்லை. 1987-இல் விங்கெட்டும் உடனிருந்தோரும் இந்த விளிம்பைக் கொண்டே தட்டின் வயது 900 கோடி ஆண்டுகளை ஒட்டியது என்று மதிப்பிட்டனர். கரு படிகமாக உறையும்போது வெளிவரும் வெப்பம் குளிர்வைத் தாமதப்படுத்தும் என்று 1968-இல் வான் ஹார்ன் சொன்னது, 2019-இல் கையா தரவிலேயே ஒரு குவியலாகக் கண்டுகொள்ளப்பட்டது. இவ்வளவு இயற்பியலும் ஓர் எண்ணிக்கை வரைபடத்துக்குள் இருக்கிறது என்பது இந்தத் தலைப்பின் உண்மையான ஈர்ப்பு.

இனிச் செலவு. பெரும்பாலானோர் 100 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தூரத்துக்குள் உள்ளவற்றை எடுப்போம் என்று தொடங்குகிறார்கள். வட்டமான எண், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெண்குறுமீன்கள் கிடைக்கின்றன. 100 பார்செக்கில் தோற்றப்பொலிவெண்ணுக்கும் (இங்கிருந்து பார்க்கத் தெரியும் பொலிவு) தனிப்பொலிவெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 5. கையாவுக்குத் தெரியும் எல்லை ஏறத்தாழ 20.7. ஆகவே 15.7-ஐவிட மங்கலான வெண்குறுமீன் 100 பார்செக்கில் இருந்தாலும் பட்டியலில் வராது. வயதைச் சொல்லும் அந்த விளிம்போ அதே இடத்தில்தான் இருக்கிறது. இதற்கு மேல், இடமாறு கோணம் தன் பிழையைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற வழக்கமான வடிகட்டியைப் போட்டால், பிழை அதிகமுள்ள மங்கலானவையே மீண்டும் கழியும். தரவைச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு விடையையே செதுக்கிவிடுகிறோம். வரைபடத்தில் எண்ணிக்கை விழுவது விண்மீன் மண்டலத்தின் வயதாலா, வடிகட்டியாலா என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது.

இதற்கு மாற்று, ஆசையைக் குறைத்துக்கொள்வது. 40 பார்செக்குக்குள் நின்றால் வித்தியாசம் 3 மட்டுமே, 17.7 வரை தெரியும். வெண்குறுமீன்கள் ஆயிரத்தை ஒட்டியே கிடைக்கும் என்றாலும், அவற்றில் விடுபட்டவை மிகக் குறைவு. பத்தாயிரம் அரைகுறைகளைவிட ஆயிரம் முழுமை மேல் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வதுண்டு. பெரிய எண்ணை முன்னுரையில் எழுதும் ஆசைதான் பெரும்பாலும் வெல்கிறது.

வேறு செலவுகளும் உண்டு. விண்மீன்கள் நெருக்கமாக உள்ள திசைகளிலும் அண்மையிலுள்ள சிறு விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்களின் திசையிலும் பொய்யான இடமாறு கோணங்கள் வரும். பிரித்தறிய முடியாத இரட்டை வெண்குறுமீன்கள் 0.75 பொலிவெண் வரை பிரகாசமாகத் தோன்றி, நிறை குறைந்தவை போல ஏமாற்றும். நிறத்திலிருந்து வெப்பநிலைக்கும் நிறைக்கும் போக மாண்ட்ரியல் குழுவினரின் குளிர்வு அட்டவணைகளை நம்ப வேண்டும். அவற்றின் பிழை உங்கள் பிழையாகவே ஆகும். வழிகாட்டிக்கு இந்தத் தேர்வுச் சாய்வுகள் (எவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே விடையை ஒரு பக்கம் சாய்ப்பது) பற்றித் தெரியாவிட்டால், மாணவர் தனியாக மாட்டிக்கொள்வார். நிரல் எழுதுவது மட்டும் எளிது: டாப்கேட் மென்பொருளும் பைத்தான் மொழியில் ஆஸ்ட்ரோபை தொகுப்பும் போதும்.

## வங்கக் கடலின் வெப்பநிலைப் புலம்

புலம் என்பது இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மதிப்பு மாறும் ஓர் இயற்பியல் அளவு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பார்க்கும் கடலின் மேற்பரப்பு வெப்பநிலையே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனம் 1981 செப்டம்பரிலிருந்து நாள்தோறும் கால் பாகைக் கட்டங்களில் உலகக் கடற்பரப்பு வெப்பநிலையைத் தருகிறது. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1901 முதலான மழையளவையும் கால் பாகைக் கட்டங்களில் தருகிறது. எடுத்துக்கொள்ளும் கேள்வி எளிமையாக இருக்கலாம்: இரண்டு இடங்களின் வெப்பநிலைகள் எவ்வளவு தூரம் வரை ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன? அந்த ஒட்டுறவுத் தூரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறதா?

கட்டத்தை அருகில் சென்று பார்த்தால் இந்தத் தலைப்பின் சிக்கல் முழுவதும் விளங்கும். 11.75 முதல் 12.00 வரையான வட அட்சத்துக்கும் 79.75 முதல் 80.00 வரையான கிழக்குத் தீர்க்கத்துக்கும் இடைப்பட்டது ஒரு கட்டம். அதன் அகலம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். புதுச்சேரி அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது; கடலூர் அதன் தென்கோட்டின் மேலேயே இருக்கிறது. ஆக, ‘புதுச்சேரிக் கடல்’, ‘கடலூர்க் கடல்’ என்று இரண்டு தரவுத்தொடர்களை எடுத்து ஒப்பிடும் மாணவர், பெரும்பாலும் ஒரே எண்ணை அதே எண்ணோடும், மிஞ்சினால் பக்கத்துக் கட்டத்தோடும் ஒப்பிடுகிறார். பக்கத்துக் கட்டமும் தனித் தரவு அல்ல. அளவிடப்படாத இடங்கள் சுற்றிலும் உள்ள அளவீடுகளைக் கொண்டு நிரப்பப்பட்டுள்ளன. நீங்கள் அளக்கும் ஒட்டுறவில் ஒரு பகுதி கடலுடையது, ஒரு பகுதி நிரப்பும் முறையுடையது.

காலத்திலும் இதே கதைதான். நேற்றைய வெப்பநிலைக்கும் இன்றையதற்கும் ஒட்டுறவு 0.9 என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் நாள் தரவு உண்மையில் ஏறத்தாழ 53 தனித்த அளவீடுகளுக்கே சமம். புத்தகத்தில் உள்ளபடி ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், வரும் பிழை உண்மைப் பிழையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கும். பிறகு இல்லாத போக்குகள் எல்லாம் ‘குறிப்பிடத்தக்கவை’ என்று தோன்றத் தொடங்கும். பருவச் சுழற்சியைக் கழிக்காமல் ஒட்டுறவு கணக்கிடுவது இதைவிட மோசம்: ஏப்ரல், மே மாதங்களில் கடல் முழுவதும் சூடாவதால் வங்கக் கடலின் எந்த இரண்டு மூலைகளும் உறவினர்களாகிவிடும். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த ‘தானே’, 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கடந்த ‘ஃபெஞ்சல்’ போன்ற புயல்களின் நாட்களை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்ற கேள்வியும் உண்டு. புயல் கடலைக் கலக்கி மேற்பரப்பைக் குளிர்விக்கும். அந்த நாட்களில் புலத்தின் புள்ளியியல் தன்மையே வேறு. எதைச் செய்தாலும் காரணத்தை எழுதியாக வேண்டும்.

ஆனால் இதற்குச் சரிபார்ப்பு வழி இருக்கிறது, அதனால்தான் இதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஒட்டுறவுத் தூரம் முன்பே தெரிந்த ஒரு செயற்கைப் புலத்தைக் கணினியிலேயே உருவாக்கி, அதே இடங்களில் தரவை அழித்து, அதே நிரலை ஓட்டி, போட்ட எண் திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக 1951-இல் டேனி கிரீக் தொடங்கிய, பின்பு மாத்தெரோன் வளர்த்த இடவெளிப் புள்ளியியல் முறைகள் இங்கே நேராகப் பயன்படும். வேலைவாய்ப்பு நோக்கில் பார்த்தாலும், வானிலை, நிலத்தடி நீர், மண்வளம், காப்பீடு என்று இந்தத் திறமையைக் கேட்கும் இடங்கள் மற்ற எல்லாத் தலைப்புகளையும்விட அதிகம். புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவர் இணை வழிகாட்டியாகக் கிடைத்தால் துணிந்து எடுக்கலாம். கிடைக்காவிட்டால் தயங்குவது நல்லது.

## நுண்ணலைப் பின்புலம்

நுண்ணலைப் பின்புலத்தை அளந்த பிளாங்க் விண்கலத்தின் வானப்படங்களும் பொதுவில் உள்ளன. முழுத் துல்லியத்தில் ஒரு படத்துக்கு 5 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருப்பதால் சாதாரணக் கணினி திணறும். 7,86,432 கட்டங்களாகக் குறைத்தால் தாராளமாக ஓடும், கோணத் திறன் நிறமாலையின் (எந்தக் கோண அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதைக் காட்டும் வரைபடம்) முதல் முகடும் தெரியும். 49,152 வரை குறைத்தால் அந்த முகடே காணாமல் போகும். இங்கே ஒரு வினோதமான பிழை உண்டு: பார்ப்பதற்கு ஒரே ஓர் அண்டம்தான் இருக்கிறது என்பதால், எவ்வளவு நல்ல கருவியாலும் நீக்க முடியாத பிழை, மிகப் பெரிய கோணங்களில் 63 விழுக்காடு வரை போகும். நம் விண்மீன் மண்டலம் மறைக்கும் பகுதியை வெட்டியெடுக்கும்போது வரும் திருத்தமும் எளிதன்று. முன்னேற்பாடாகக் கோள ஒத்திசைச் சார்புகளை (கோளப் பரப்பில் உள்ள புலத்தை அலைகளாகப் பிரிக்க உதவுபவை) நன்கு படித்திருந்தால் எடுக்கலாம். படிக்கும் வேலையையும் இந்த நான்கு மாதத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் விட்டுவிடலாம்.

## இரண்டும் சந்திக்கும் இடம்: ஹோல்ட்ஸ்மார்க் பரவல்

வெண்குறுமீன் கணக்கால் புகழ்பெற்ற அதே சந்திரசேகர், 1942–43-இல் ஜான் வான் நாய்மனோடு சேர்ந்து, தாறுமாறாகச் சிதறிய விண்மீன்களால் ஓரிடத்தில் உண்டாகும் ஈர்ப்புப் புலத்தின் புள்ளியியலை ஆராய்ந்தார். அதற்கு முன்னோடி 1919-இல் ஹோல்ட்ஸ்மார்க் செய்த வேலை: பிளாஸ்மாவில் சிதறிய அயனிகளால் ஒரு புள்ளியில் உண்டாகும் மின்புலம் எப்படிப் பரவியிருக்கும் என்பது. ஈர்ப்பானாலும் மின்விசையானாலும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் விடை ஒன்றே. வெண்குறுமீனின் அடர்ந்த வளிமண்டலத்தில் ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகள் அவ்வளவு அகலமாக இருப்பதற்கு இந்தத் தாறுமாறான மின்புலமே முதன்மைக் காரணம். அந்த அகலத்தைக் கொண்டுதான் அதன் மேற்பரப்பு ஈர்ப்பை அளக்கிறார்கள்.

செய்முறை மிக எளியது. ஒரு கோளத்துக்குள் புள்ளிகளைச் சமவாய்ப்பில் தூவி, மையத்தில் உண்டாகும் புலத்தைக் கூட்டி, இதையே பல்லாயிரம் முறை செய்து பரவலை வரைய வேண்டும். முகடு இயல்புப் புலத்தின் (புள்ளிகளின் அடர்த்தியைக் கொண்டு வரையறுக்கும் அலகு) 1.6 மடங்கில் வர வேண்டும். வால்பகுதி புலத்தின் 2.5-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சரிய வேண்டும். இரண்டு எண்களும் முன்பே தெரிந்தவை. அதன்பின் மாணவர் இயல்பாகவே திட்ட விலக்கத்தைக் கணக்கிடுவார். அது ஓரிடத்தில் நிற்காது. எத்தனை முறை கூடுதலாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு மெல்ல ஏறிக்கொண்டே போகும். நிரல் தவறல்ல. இந்தப் பரவலுக்குச் சராசரி உண்டு, திட்ட விலக்கம் முடிவிலி. பக்கத்தில் தற்செயலாக வந்து விழும் ஒரே ஓர் அயனி மற்றவை அனைத்தையும் மீறிவிடுகிறது. இதை விளக்கத் தெரிந்த மாணவரிடம் மைய எல்லைத் தேற்றம் (பல தற்செயல் அளவுகளின் கூட்டுத்தொகை இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது) எங்கே செல்லாது என்று தேர்வாளர் கேட்டாலும் கவலையில்லை.

செலவு என்று பார்த்தால், தலைப்பு சிறியது. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். உண்மையான பிளாஸ்மாவில் அயனிகள் ஒன்றையொன்று விலக்குவதால் அவை முற்றிலும் சமவாய்ப்பில் இருப்பதில்லை. அந்த விலக்கலைச் சேர்த்தால் மீதி இரண்டு மாதத்துக்கும் வேலை கிடைக்கும். ‘வானியல் மாதிரியே இல்லையே’ என்று துறையில் யாராவது சொல்லக்கூடும் என்பதைத் தவிர வேறு குறையை நான் காணவில்லை.

## சொந்தத் தொலைநோக்கியால் நோக்குவது

கேட்கிறார்கள் என்பதால் ஒரு வரி. 40 எரிடானி-பி 9.5 பொலிவெண் கொண்டது, சிறு தொலைநோக்கியிலும் தெரியும். ஆனால் பார்ப்பது வேறு, அளப்பது வேறு. வெள்ளிக் கடப்பை (வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை) காண ஓராண்டுக்கும் மேலாகப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தீலுக்கு 1769 ஜூன் 4 காலையில் மேகம்தான் கிடைத்தது. ஒரு பருவத்தில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டை இந்த வானத்திடம் ஒப்படைக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| தலைப்பு | சரிபார்க்கும் வழி | மறைந்திருக்கும் செலவு | கணினித் தேவை | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| உள்ளமைப்புக் கணக்கீடு | லேன்–எம்டன் தீர்வுகள். சிரியஸ்-பி, 40 எரிடானி-பி | புதுமை எங்கே என்ற கேள்வி | மிகக் குறைவு | வழிகாட்டிக்கு வானியல் பழக்கம் இல்லாதபோதும் |
| கையா எண்ணிக்கை | மெஸ்டல் சாய்வு | வடிகட்டியே விடையை மாற்றுவது | நடுத்தரம் | தேர்வுச் சாய்வு அறிந்த வழிகாட்டி இருந்தால் |
| கடல் வெப்பநிலை | செயற்கைப் புலம் | தரவுகள் தனித்தவை அல்ல. நிரப்பப்பட்டவை | நடுத்தரம் | தரவு வேலை, வானிலைத் துறை நோக்கம் இருந்தால் |
| நுண்ணலைப் பின்புலம் | வெளியான திறன் நிறமாலை | கற்கும் காலம் | அதிகம் | கோள ஒத்திசை முன்பே தெரிந்திருந்தால் |
| ஹோல்ட்ஸ்மார்க் பரவல் | முகடு, வால்பகுதியின் அடுக்கு | சிறிய தலைப்பு | மிகக் குறைவு | புள்ளியியலும் விண்மீனும் இரண்டும் வேண்டுமென்றால் |

## யாருக்கு எது

முனைவர் பட்டத்துக்கு வானியற்பியலே என்று முடிவு செய்துவிட்டவர், உள்ளமைப்புக் கணக்கீட்டை முதல் ஆறு வாரத்தில் முடித்து, அதன்மேல் 40 பார்செக் கையா தரவை வைப்பது நல்லது. தனியாகக் கையா மட்டும் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இணைய வசதி சரியில்லாத ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகிறவர், கணினியைக் கல்லூரியில் மட்டுமே தொடக்கூடியவர், வழிகாட்டி திடப்பொருள் இயற்பியலிலோ நிறமாலையியலிலோ இருப்பவர் ஆகியோருக்கு உள்ளமைப்புக் கணக்கீடோ ஹோல்ட்ஸ்மார்க்கோ தயக்கமின்றி ஏற்றவை. நிறமாலையியல் வழிகாட்டிக்குப் பின்னது மிகப் பிடிக்கும், கோடுகளின் அகலம் அவருடைய களம். தரவுத் துறையில் வேலை தேடப்போகிறவர் கடலை எடுக்கலாம், ஆனால் புதுச்சேரி–கடலூர் என்று இரண்டு புள்ளிகளை அல்ல, வங்கக் கடலின் ஒரு பெரிய பரப்பையே எடுக்க வேண்டும்.

இருவர் சேர்ந்து செய்யத் துறை அனுமதித்தால், ஒருவர் நிறை–ஆரக் கணக்கையும் மற்றவர் கையா தரவையும் எடுத்து ஒரே வரைபடத்தில் சந்திக்கலாம். எதை எடுத்தாலும் தலைப்புப் படிவத்தில் தூர எல்லையையோ ஆண்டு எல்லையையோ எண்ணாக எழுதிவிடாதீர்கள். ‘சூரியனுக்கு அண்மையிலுள்ள வெண்குறுமீன்கள்’ என்று எழுதினால் பிப்ரவரியில் 100-ஐ 40 ஆக்கிக்கொள்ள இடமிருக்கும். எண்ணை எழுதிவிட்டால் அதை மாற்ற மறுபடியும் துறைத்தலைவரின் கையெழுத்துக்கு நிற்க வேண்டிவரும்.